முத்துமீனா தடைசெய்த சொல்

எழுமலையில் முத்துமீனாவைக் கூட்டத்தில் தேட வேண்டியதே இல்லை. பதினொரு வயதில் அவள் பஸ்ஸில் அரை டிக்கெட் கேட்டால் கண்டக்டர் சிரிப்பார். அந்த உயரத்தைக் கேலி செய்யாத வாய் ஊரில் கிடையாது. பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் சங்கிலி மட்டும் கேலி செய்யாமல் கையில் ஒரு கூடைப்பந்தைக் கொடுத்தார். அவருக்குப் பயிற்சி முறையெல்லாம் தெரியாது. வளையத்தை நோக்கி எறிய வேண்டிய நேரம் வந்ததும் தொண்டை கிழிய "விடு!" என்பார், அவ்வளவுதான். அவளும் விடுவாள். பந்து உள்ளே விழும்.

அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டே மாவட்டம், மாநிலம் என்று ஏறிப்போனாள். பெண்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கூடைப்பந்து ஆடவைக்கும் லீக் ஒன்று புதிதாகத் தொடங்கியபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. சென்னை அணி அவளை எடுத்துக்கொண்டது. சேதி கேட்டு, களையெடுத்த கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தாள் அம்மா மலையம்மாள்.

"ஏண்டி, பந்து போடுறதுக்கா சம்பளம்? அம்புட்டு வெட்டியாவா இருக்காய்ங்க?"

"இருக்காய்ங்கம்மா! நான் போறேன்."

ஆடினாள் பாருங்கள், இரண்டு மாதம்! அவளைத் தடுக்க மட்டும் எதிரணிக்காரிகள் இரண்டு பேரை நிறுத்துவார்கள். இறுதிப் போட்டிக்கும் வந்தாயிற்று. ஒரு புள்ளி பின்தங்கி, மூன்று வினாடி மிச்சம். எதிரணிக்காரி கையில் பட்ட பந்து கோட்டைத் தாண்டப் போகிறது. தாண்டினால் பந்து இவர்களுடையது, நிதானமாக உள்ளே எறிந்து ஆடலாம். சென்னைக் கோச் "விடு! விடு!" என்று கத்தினார். அது போகட்டும், தொடாதே என்றுதான் அந்த மனிதர் சொன்னார். முத்துமீனா காதில் விழுந்ததோ சங்கிலி சாரின் குரல். பாய்ந்து பிடித்தாள், விட்டாள். பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. சைரன் ஊதிவிட்டது.

அடுத்த வருடமே லீக்கை மூடிவிட்டார்கள். அதற்கு அவள் காரணமில்லை, ஆனால் அதை அவளிடம் யார் சொல்லிப் புரியவைப்பது?

இப்போது முப்பத்து நான்கு வயது. கோரிப்பாளையத்தில் ஒரு பள்ளியின் சிமெண்ட் கோர்ட்டில் பெண்பிள்ளைகளுக்குக் கோச். வந்த முதல் நாளே சட்டம் போட்டாள். எறிய வேண்டுமென்றால் "போடு", பந்தைத் தொடக் கூடாதென்றால் "தொடாத". "விடு" என்ற சொல்லை யார் சொன்னாலும் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். "ஏன் சடையைப் பிடிக்கிற, விடுடி" என்று வாய்தவறிச் சொன்னவள்கூட ஓடியிருக்கிறாள். பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். காரணம் கேட்டபோது மறைக்காமல் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

போன மாதம் மாவட்ட இறுதிப் போட்டி. ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். கோச்சாக ஏற்கெனவே மூன்று இறுதிப் போட்டிகளில் தோற்றிருக்கிறாள். இன்னொன்றும் போனால் அந்த மூன்று வினாடி தன்னைச் சாகும்வரை விடாது என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு புள்ளி பின்தங்கி, நாலு வினாடி. எதிரணிப் பெண்ணின் விரலில் பட்ட பந்து கோட்டை நோக்கி உருளுகிறது. அதே பந்து! அதே கோடு! அணியிலேயே வேகக்காரியான தமிழ்வாணி அதைப் பிடிக்கப் பாய்கிறாள். முத்துமீனாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. இத்தனை வருடம் கட்டிக்காத்த சட்டம் காற்றில் பறந்தது.

"விடு! விடு!"

தமிழ்வாணி சடாரென்று நின்றாள். பந்தைப் பார்க்காமல் கோச்சைத் திரும்பிப் பார்த்து, மைதானமே கேட்கும்படி கத்தினாள்.

"அக்கா, எந்த விடு?"

கேட்டு முடிப்பதற்குள் பந்து கோட்டைத் தாண்டிவிட்டது. நடுவர் விசிலடித்து, பந்து இவர்களுக்கு என்று கை காட்டினார். இன்னும் மூன்று வினாடி! முத்துமீனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

உள்ளே எறிந்த பந்து தமிழ்வாணி கைக்கு வந்தது. "போடு தமிழு, போடுடி!"

போட்டாள். வளையத்தின் விளிம்பில் ஒரு சுற்று சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது. சைரன் யார் காதிலும் விழவில்லை, அப்படி ஒரு கூச்சல்.

பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். தமிழ்வாணி மட்டும் இடுப்பில் கை வைத்து நின்றாள். "அக்கா, ரெண்டு தடவ சொல்லிட்டீக. ரெண்டு ரவுண்டு!"

கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்த பெரிய மனிதர் பார்த்துக்கொண்டே நிற்க, முத்துமீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். இரண்டாவது சுற்றில் மொத்த அணியும் "விடு! விடு!" என்று கத்தியபடி அவள் பின்னால் ஓடியது. எந்த விடு என்று யாரும் கேட்கவில்லை.