பீனிக்ஸ் பாதம்

கும்மிடிப்பூண்டியில், இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் நான் சூப்பர்வைசர். போன வருடம் ஏழுமலை என்ற தொழிலாளிக்கு மெஷினில் சிக்கி வலது கையில் நான்கு விரல்கள் போயின. வேலை வேகமாக நடக்கட்டும் என்று, கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை அணைக்கச் சொன்னவன் நான். ‘என் கவனக்குறைவே காரணம்’ என்று அவனிடம் கையெழுத்து வாங்கும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

“நல்ல எடமா இட்டுனு போய் சாப்பாடு வாங்கிக் குடுய்யா, போட்டுடுவான்” என்றார் முதலாளி.

சென்னையில் பெரிய கான்டனீஸ் சீன ஓட்டல் ஒன்றுக்கு மதியம் அழைத்துப் போனேன். மெனு புரியவில்லை. பெயர் அழகாக இருக்கிறதே என்று ‘பீனிக்ஸ் பாதம்’ கொண்டுவரச் சொன்னேன். மூங்கில் கூடையில் வந்தது. சர்வர் மூடியைத் திறந்து, கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே கோழிக்கால்கள், சிவந்த குழம்பில் விரல் விரலாக விரிந்து கிடந்தன. மூடி வைக்கக்கூட வழியில்லை.

ஏழுமலை இடது கையால் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நாலு வெரலும் முழுசா கீது சார்.”

குரலில் கோபமே இல்லை. அதை என் தட்டில் வைத்தான்.

“பேப்பர் எடுத்துனு வந்துகிறீங்களா? எங்க போடணும்?”

கிழித்துப் போட்டிருக்கலாம். நான் தாளை விரித்து, இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். இடது கையால், எழுத்துக் கூட்டி, மெதுவாகத் தன் பெயரை எழுதினான்.

இப்போது யாராவது வழி கேட்டால்கூட என்னால் விரல் நீட்டிக் காட்ட முடிவதில்லை. வாயால்தான் சொல்கிறேன்.