குளத்தரையில் பார்த்த சென்ரர் ஹாப்

கனகராயன்குளத்தைத் தாண்டி வடக்கே ஒரு மைல் நடந்த பிறகுதான், அளவு நாடாவை இன்னும் கையிலேயே பிடித்திருக்கிறேன் என்பது தெரிந்தது. சனிக்கிழமை, பகல் பன்னிரண்டரை மணி. தார் உருகிச் செருப்பில் ஒட்டியது. மாங்குளத்துக்கு இன்னும் ஏழு மைலுக்குக் குறையாது. பஸ் இரண்டு மணிக்கு என்றார்கள். அதுவரை அந்தப் பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் நிற்க மனம் வரவில்லை. நடந்தேன்.

நான் வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு நெசவு ஆலையின் உதைபந்தாட்டக் கழகத்துக்கு நடு வரிசையில் நின்று மறிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. சென்ரர் ஹாப் என்பார்கள். எதிரியின் பந்து கோல் பக்கம் போகுமுன் அதை முறிக்க வேண்டியவன் அவன். பள்ளிக்கூடம் முடிக்கிற பெடியன்களுக்குள் ஒருவனைப் பிடித்தால் ஆலையில் வேலையும் கொடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது செயலாளரின் திட்டம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியிருக்கிறேன், உப்பளத்தில் வாரியிருக்கிறேன், சில வருடம் பின்வரிசையில் நின்று பந்தும் அடித்திருக்கிறேன். அதனால் என்னை அனுப்பினார். ஆள் சரிவந்தால் எனக்கும் ஆலைக் களஞ்சியத்தில் நிரந்தர வேலை. போய்வர மூன்றாம் வகுப்பு ரிக்கற், ஒரு அளவு நாடா, அச்சடித்த படிவங்கள் தந்தார். படிவத்தில் பெயர், வயது, உயரம், நெஞ்சளவு, நிறை எல்லாம் இருந்தன. அடியில், ஐந்தடி ஒன்பது அங்குலத்துக்குக் குறைந்தவர்களைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று ஒரு வரி. விளையாட்டைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

அன்று காலை நான் போன பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. விடுமுறை நாளென்றும் பாராமல் தலைமை ஆசிரியர் ஒன்பது பேரை வரவழைத்து, உயர வரிசையில் வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்.

"அளவுங்கோ" என்றார்.

"பந்தைக் குடுங்கோ சேர், முதல்ல விளையாட்டைப் பாப்பம்" என்றேன்.

"பந்து வெடிச்சு ஆறு மாசம். உங்கட கடிதத்தில உயரம்தானே கேட்டிருந்தது?"

ஒன்பது பேரையும் அளந்தேன். முதலாவது பெடியன் ஐந்தடி பதினொன்று. சென்ரர் ஹாப் எங்கே நிற்பான் என்று கேட்டேன். கோல் கம்பத்துக்குள்ளே என்றான். படிவத்தை நிரப்பித் தரச் சொல்லித் தலைமை ஆசிரியர் பேனையையும் நீட்டினார். நான் வெளியே வந்துவிட்டேன். கோபம் அவர்மேல் மட்டுமல்ல. ஒன்பது பேரையும் அளந்த கை என்னுடையது.

மூன்றாவது மைலில் ஒரு லொறி நின்றது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக் கடைகளுக்குக் கோதுமை மா மூட்டை ஏற்றிப் போகிற லொறி. ஓட்டியவர் காசிம் என்ற ஐம்பது வயதுக்காரர், முல்லைத்தீவு ஆள்.

"ஏறுங்கோ தம்பி. இந்த வெயிலுக்க நடக்கிறதெண்டா ஒண்டில் பைத்தியம், இல்லாட்டில் வீட்டில சண்டை."

"சண்டைதான் காசிம் நானா. ஆனா வீடில்லை."

காரணம் கேட்டார். சொன்னேன். ஸ்ரேரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"ஆளை அளந்து பந்தடிக்கப் பிடிக்கிறியளோ? பனைமரத்தைப் பிடிச்சுக் கொண்டுபோய் நடுங்கோவன். நாளைக்குக் கிளிநொச்சிக் கொலனியில பந்தடி இருக்கு. பரந்தன் பெடியள் வாறாங்கள். கொலனிப் பக்கம் நடராசா எண்டு ஒருத்தன் நிப்பான். போன மாதம் எங்கட ஊர்ப் பெடியள் பதினொரு பேர் போய், அவனைத் தாண்டேலாமல் திரும்பி வந்தவங்கள். என்ர மருமோனும் போனவன். இன்னும் அவனைப் பற்றித்தான் கதை."

மாங்குளச் சந்தியில் பத்துச் சதத்துக்கு ஒரு தேத்தண்ணீர் குடித்தோம். அங்கிருந்து கிளிநொச்சி பதினெட்டு மைல். லொறிக்கு அவர் காசு வாங்கவில்லை. அன்றிரவு அவருடைய மா மூட்டைகள் இறங்கிய கடையின் விறாந்தையில் படுத்தேன்.

ஞாயிறு, பிற்பகல் இரண்டு மணி. கொலனி என்கிற அந்தக் குடியேற்றத் திட்டத்துக்கு நாலு மைல் வாய்க்கால் கரையாலேயே நடந்தேன். இரண்டு பக்கமும் வயல் விளைந்து சாய்ந்து கிடந்தது. ஒரு குடிசையைக் கேட்டால் வாய்க்கால் இலக்கத்தைச் சொல்லித்தான் வழி காட்டுகிறார்கள். ஊர்ப் பெயர்களையெல்லாம் யாழ்ப்பாணத்திலேயே விட்டு வந்துவிட்டார்கள் போலும்.

அங்கே மைதானம் கிடையாது. ஆவணி மாதத்தில் பக்கத்துச் சிறுகுளத்தில் தண்ணீர் நடுவில் ஒரு முற்ற அகலத்துக்கு ஒடுங்கிவிடும். மிச்சமான தரை காய்ந்து இறுகும். அதில்தான் பந்தடி. குளக்கட்டில் சனம் வரிசையாக இருந்தது. எல்லோரும் வெறுங்கால். சட்டையில் இலக்கமில்லை. நடராசா யாரென்று நான் கேட்கவுமில்லை. தானாகத் தெரியவேண்டும், இல்லாவிட்டால் அவன் எனக்குத் தேவையில்லை.

ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. குள்ளமான, தோள் அகன்ற ஒருவன். பந்து எங்கோ இருக்கும்போதே அவன் நகர்ந்துவிடுவான். சாதாரண ஆட்டக்காரன் பந்தைப் பார்த்து ஓடுவான். இவன் எதிரியின் இடுப்பைப் பார்த்தான். காலும் தலையும் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. பரந்தன் அணியின் முன்வரிசைக்காரன் நல்ல வேகக்காரன். மூன்று முறை வந்தான். மூன்று முறையும் இவன் அவன்மேல் பாயவில்லை. ஓரடி விலகி நின்று, போகக்கூடிய ஒரு பக்கத்தை மட்டும் திறந்துவிட்டான். அவன் அந்தப் பக்கமே போனான். அங்கே இவனுடைய கால் முதலிலேயே இருந்தது.

நாலு மணிக்கு ஆட்டம் நின்றது. யாரும் விசில் ஊதவில்லை. கொலனி மாடுகள் தண்ணீருக்கு வரும் நேரம். இருநூறு மாடுவரை மைதானத்தைக் குறுக்கே கடந்து போயின. இந்த ஊரில் ஆட்டத்தின் இடைவேளை அதுதான். மற்ற இருபத்தொரு பேரும் குளக்கட்டில் ஏறிக் குந்தினார்கள். இவன் மட்டும் மாடுகளின் பின்னால் மெதுவாக நடந்தான். தண்ணீர் ஓரத்து ஈரத்தில் குளம்பு புதைந்து, ஒரு துண்டுத் தரை கிண்டிப் போயிருந்தது. அதைக் காலால் இரண்டு முறை அழுத்திப் பார்த்தான். பிறகு வந்து தன் இடத்தில் நின்றான்.

மீண்டும் தொடங்கியதும் அந்த வேகக்காரனை ஒவ்வொரு முறையும் அந்தக் கிண்டிய தரைப்பக்கமே திருப்பிவிட்டான். அவன் இரண்டு முறை சறுக்கி விழுந்தான். மூன்றாம் முறை எழும்பி, "மாட்டையும் உங்கட பக்கமோடா சேர்த்திருக்கிறியள்?" என்று கத்தினான். குளக்கட்டே சிரித்தது. நான் பதினைந்து வருடம் பந்தடி பார்த்தவன். தரையை இப்படி வாசிக்கிற ஒருவனைக் கண்டதில்லை.

ஆட்டம் முடிந்ததும் நடராசாவிடம் போய் நான் யாரென்று சொன்னேன். நாடாவை எடுத்தேன். ஐந்தடி ஆறு.

"குறையுதோ அண்ணை?" என்று கேட்டான். என் முகத்திலேயே கண்டிருக்கிறான்.

"மூண்டு அங்குலம் குறையுது."

"போன வருசமும் ஒராள் வந்து அளந்தவர். பஸ் கொம்பனிக்கு. அவருக்கும் என்ர உயரம் காணாமல் போச்சு." தலையைக் குனிந்து கால் சேற்றைத் துடைத்தான். "ஒருக்காப் பாக்கச் சொல்லேலாதோ அண்ணை? அளந்த பிறகெண்டாலும் ஒருக்கா."

இவனைப் பற்றி நான் எழுதி அனுப்பினால் செயலாளர் அந்த ஓர் எண்ணை மட்டும் வாசித்துவிட்டுக் குப்பையில் போடுவார். அவர் கண்ணால் பார்த்தால்தான் உண்டு. செவ்வாய்க்கிழமை பிற்பகல் கொழும்பில் தெரிவு ஆட்டம். நாளைக் காலை ரயிலை விட்டால் போய்ச்சேர முடியாது. என்னிடம் இருந்தது ஒருவருக்கான திரும்பும் ரிக்கற். செயலாளர் ஆளைக் கண்டு எழுதத்தான் சொல்லியிருந்தார், கூட்டி வரச் சொல்லவில்லை.

பின்னேரம் ஆறு மணிக்கு அவனோடு வீட்டுக்குப் போனேன். தகப்பன் கந்தையா, தாய் செல்லம்மா, தமையன் இராசதுரை. முற்றத்தில் ஒரு கதிரைதான் இருந்தது. அதை எனக்கு இருக்கத் தந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"அருவி வெட்டு முடியட்டும்" என்றார் கந்தையா, நெல் அறுப்பைச் சொல்லி. "பிறகு போகட்டும். நான் மறிக்கேல்லை."

"தெரிவு செவ்வாய்க்கிழமை ஐயா."

"தம்பி, வந்த வழியில வயலைப் பாத்தனீரோ? எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நாளில தண்ணி திறந்தவங்கள். எல்லாற்ற வயலும் ஒரே கிழமையில விளைஞ்சு கிடக்கு. கூலிக்கு ஒரு குஞ்சு இல்லை. மூண்டு பேர் வெட்டினாத்தான் வியாழனுக்கு முடியும். பிந்தினா நெல்லு நிலத்தில."

"இவன் போனா ஆர் வெட்டுறது?" என்றான் தமையன். மதிலில்லாத முற்றத்தில் கிணற்றுக் கட்டில் சாய்ந்து நின்றபடி.

குடியேற்றக் காணியைப் பிரித்து எழுத முடியாது. ஒரு பிள்ளைக்குத்தான். அது இராசதுரையின் பெயரில் எழுதியாயிற்று என்பதை வரும் வழியில் நடராசா சொல்லியிருந்தான். குறை சொல்வதுபோலச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதைப்போலச் சொன்னான். எனக்கு அப்போது வந்த கோபம் இப்போதும் போகவில்லை.

"காணி உம்மட பேரில. நீர் வெட்டும்" என்றேன் தமையனிடம்.

"இவர் ஆர் அப்பு, வீட்டுக்க வந்து எனக்குக் கதை சொல்ல?" என்று அவன் நிமிர்ந்தான்.

"இரடா" என்றார் கந்தையா. என்னைப் பார்த்து, "உமக்கென்ன தம்பி, நீர் நாளைக்குப் போயிடுவீர்" என்றார்.

அது சரியான பேச்சு.

செல்லம்மா குசினி வாசலில் நின்றார். "காணி அவனுக்கில்லை. வீடும் அவனுக்கில்லை" என்றார். "அவன்ர காலாவது அவன்ர காலா இருக்கட்டுமன்."

"நெல்லுக்கு நீ வழி சொல்லு" என்றார் கந்தையா.

நான்தான் வழி சொன்னேன். சொல்வதற்கு முன் யோசிக்கவில்லை என்பதே உண்மை. "ரிக்கற் ஒண்டுதான். இவன் அதில போகட்டும். நான் நிண்டு வெட்டுறன். சோறு தந்தாக் காணும்."

"அருவி வெட்டின ஆளோ நீர்?"

"இல்லை. உப்பு வாரினனான்."

தமையன் சத்தமாகச் சிரித்தான். கந்தையா சிரிக்கவில்லை. என் கைகளைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். "சரி" என்றார்.

விளக்கு வெளிச்சத்தில் படிவத்தை நிரப்பினேன். உயரத்துக்கு நேரே ஐந்தடி ஆறு என்றே எழுதினேன். பொய் எழுதினால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவனைத்தான் கள்ளன் என்பார்கள். மிச்ச இடத்தில் எழுதியது இது: 'உங்கள் கழகத்தில் இவனைத் தாண்டிப் பந்து கொண்டுபோகக்கூடிய ஒருவர் இருந்தால் இவனைத் திருப்பி அனுப்புங்கள். அப்படி ஒருவரும் இல்லாவிட்டால் இவனை வைத்துக்கொண்டு இந்தப் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள்.' களஞ்சிய வேலை எனக்கு இனி இல்லை என்பது கையெழுத்து வைக்கும்போதே தெரிந்தது.

திங்கட்கிழமை விடிய ஐந்து மணிக்கு நடராசா புறப்பட்டான். தகரப் பெட்டி இல்லை. ஒரு துணிப்பை. தாய் புட்டுக் கட்டிக் கொடுத்தார். தமையன் எழும்பவில்லை. நான் வாய்க்கால் பாலம்வரை போனேன். "கொழும்புத் தரை புல்லுத் தரை. போனவுடன முதல்ல நடந்து பார்" என்றேன்.

"ஓம் அண்ணை. வாறன்" என்றான். திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

ஆறு மணிக்கு வயலில் இறங்கினேன். கந்தையா கதிர் அறுக்கும் தாக்கத்தி ஒன்று தந்தார். அரைமணி நேரம் வெட்டினேன். பக்கத்து வரிசையில் இராசதுரை வெட்டினான். அவன் முதுகைப் பார்க்கப் பார்க்க என் கை வேகமானது. படிவம், நாடா, வெயிலில் நின்ற ஒன்பது பேர், ஒரு பிள்ளைக்கு மட்டும் எழுதுகிற காணிக் கடதாசி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வெட்டினேன். பின்னால் வந்த கந்தையா குனிந்து, என் வரிசையில் உதிர்ந்து கிடந்த நெல்லை ஒரு பிடி அள்ளிக் காட்டினார்.

"கோவத்தில வெட்டினாக் கதிர் கொட்டும் தம்பி. தாரும் அதை."

தாக்கத்தியை வாங்கிக்கொண்டு வரப்பைக் காட்டினார். வெட்டிய கதிரைக் கட்டாகக் கட்டி, கால் மைல் தள்ளிக் குவியலாக அடுக்கிச் சூடு வைக்கிற மேட்டுக்குச் சுமக்க வேண்டும். "அதுக்குக் கோவம் உதவும்" என்றார்.

முதலாவது கட்டைக் குனிந்து தூக்கினேன்.