எட்டு என்று அடித்தேன்

எட்டு. நானே அடித்த எண்.

எண்பதுகளின் தொடக்கம். கிளிநொச்சிப் பக்கம், வயல்களுக்குத் தண்ணீர் முறை போடும் சின்னக் கந்தோரில் நான் கிளார்க். எஞ்சினியர் கொழும்பிலிருந்து உள்ளங்கையளவு கம்பியூட்டர் ஒன்று கொண்டுவந்தார். தொடங்கும் திகதி, முடியும் திகதி, இடைவெளி. மூன்றையும் கொடுத்தால் நடுவில் விழும் திகதிகளை அது வரிசையாகச் சொல்லும்படி ஒன்பது வரிக் கட்டளை எழுதினேன். முப்பதில் முடியும் மாதம், முப்பத்தொன்றில் முடியும் மாதம், எல்லாம் பார்த்தேன். பெருமையில் கால் நிலத்தில் நிற்கவில்லை.

இடைவெளியை மட்டும் வாய்க்கால் கதவு திறப்பவரிடம் கேட்டேன். "எட்டு நாளைக்கு ஒருக்கா, தம்பி." அடித்தேன். பட்டியலைக் கதவடியில் ஒட்டினேன்.

ஒரு திங்கட்கிழமை, கடைக்கோடி வயல்காரி வந்தார். மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். தண்ணீர் முறை இல்லாத நாட்களில் கூலிக்குப் போகிறவர். பட்டியலைப் பார்த்து எழுதிய தாளை நீட்டினார்.

"நீங்க போட்ட தேதிங்க தானுங்க ஐயா. போன தடவ சனிக்கெழம போனேன், சேறுதான் கெடந்துச்சு. நேத்து ஞாயித்துக்கெழம அதுவும் இல்ல. கதிரு வார நேரமுங்க."

சனி. ஞாயிறு. முறைக்கு முறை ஒரு நாள் தள்ளிப் போயிருக்கிறது. கதவடிக்குச் சைக்கிளை மிதித்தேன்.

"வெள்ளிக்கு வெள்ளிதானே திறக்கிறன்" என்றார் கதவுக்காரர்.

"எட்டெண்டு சொன்னீங்களே!"

"ஓம். வெள்ளியில தொடங்கி அடுத்த வெள்ளி வரைக்கும் எண்ணிப் பாரும். எட்டு. உம்மட கம்பியூட்டர்ப் பெட்டிக்கு விரல் இல்லையோ?"

தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணுகிற எட்டு. நானும் அப்படித்தான் பிறந்ததிலிருந்து எண்ணியிருக்கிறேன். பெட்டிக்கு அதை ஏழு என்று கொடுக்க வேண்டும் என்பதை மறந்தேன். மற்றவர்கள் பழக்கத்தில் வெள்ளியே போய்த் தங்கள் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். என் தாளை நம்பியவர் அவர் ஒருவர்தான்.

அன்று எதிர்க்கரை வயல்காரர்களின் முறை. அவர்களிடம் கெஞ்சினேன். "ஒரு மணித்தியாலம். அதுக்கு மேல கேளாதையும்" என்றார்கள்.

தண்ணீர் வந்தது. வெடிப்புகள் அதைக் குடித்த சத்தம் கேட்டது. பாதி வயல் நனைந்தது. மறுபாதியில் கதிர்கள் வெளுத்து நின்றன. கையில் நசுக்கினேன், உள்ளே ஒன்றுமில்லை. அவர் அழவில்லை, ஏசவுமில்லை.

"அடுத்த மொற எப்பங்க?"

சட்டைப்பையில் தாளைத் தேடினேன்.

"தேதி வேணாங்க ஐயா. கெழமய சொல்லுங்க."

"வெள்ளி" என்றேன். தெரிந்த நாள்தான், ஆனாலும் அதைச் சொல்லவும் விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது.