கையைப் பிடித்துக் கேட்கும் கேள்வி

சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'சாவு டீச்சர்'. வெளிநாட்டில் ஒரு நர்சிங் கல்லூரியில், எந்தெந்த சமூகத்து மனிதர்கள் சாவை எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று பாடம் நடத்துவது அவள் வேலை. "ஊர் உலகத்துல இல்லாத பாடமாப் பாத்துப் புடிச்சியே!" என்று அண்ணன் ஃபோனில் தலையில் அடித்துக்கொள்வான். அவளும் சிரித்து வைப்பாள்.

வகுப்பில் மட்டும் அவள் படு கறார். நோயாளிக்கு மொழி தெரியவில்லையா, வீட்டு ஆளை மொழிபெயர்க்க விடாதீர்கள், பாசம் கூசாமல் பொய் சொல்லும் என்பாள். உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று நோயாளியிடமே கேளுங்கள். நின்றபடி கேட்காதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொடலாம் என்றால் கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.

இப்போது அவளுடைய அப்பாவே வார்டில் படுத்திருக்கிறார். மகளைப் பார்க்க வந்த இடத்தில் வயிற்று வலி என்றார். கல்லீரல் வரைக்கும் பரவிய புற்றுநோய் என்றார்கள். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. "அவர்கிட்ட வாயத் தொறந்த, நான் உனக்கு அண்ணனே இல்ல" என்று அண்ணன் மிரட்டியிருந்தான். உண்மையில் அந்த மிரட்டல் அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வாய்க்கு அப்பாவிடம் சொல்லத் தைரியமில்லை.

மேற்கொண்டு சிகிச்சை வேண்டுமா, வேண்டாமா என்று அன்றைக்கு முடிவெடுத்தாக வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. பேச வந்த நர்ஸ் அவளுடைய பழைய மாணவி; அந்த நாட்டுக்காரி, தமிழ் தெரியாது.

"நானே மொழிபெயர்த்துச் சொல்றேன்" என்றாள் டீச்சர் அவள் மொழியில்.

"டீச்சர், நீங்கதானே கூடாதுன்னு..."

"எனக்கே பாடம் நடத்தாதே!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

மாணவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெரியவரின் கையைப் பிடித்தாள். வகுப்பில் கற்ற அதே கேள்வியை அந்த நாட்டு மொழியில் கேட்டாள். டீச்சர் அப்பா பக்கம் திரும்பினாள்.

"சாப்பாடு புடிச்சிருக்கான்னு கேக்கறாங்கப்பா."

அப்பா அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். பார்வையை எடுக்கவே இல்லை.

"ஏம்மா, சாப்பாட்டக் கேக்கறதுக்கா இந்தப் பொண்ணு பக்கத்துல உக்காந்து கையப் புடிக்குது? சரியாச் சொல்லு."

"அவ்வளவுதாம்ப்பா" என்றாள். அவள் குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

மாணவிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் டீச்சரின் முகம் புரிந்தது. எழுந்து நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

டீச்சர் உட்கார்ந்தாள். அப்பாவின் கையைப் பிடித்தாள். எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த கேள்வியை முதல்முறையாகத் தானே கேட்டாள்.

"உங்க உடம்புக்கு என்னங்கறத எவ்வளவு தெரிஞ்சுக்கணும்ப்பா?"

"எல்லாத்தையும் சொல்லு" என்றார் அப்பா. அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். "எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உங்கண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாத. அவன் தாங்க மாட்டான்."