ஒச்சாயி நடித்த ஊசிப் படம்

வேலையில் இருந்தவரை ஒச்சாயி நடித்த படங்கள் மூன்று. மூன்றிலும் தப்புச் செய்கிறவள் அவள்தான், மூன்றிலும் பேச்சு கிடையாது. தமிழ், இந்தி, ஒடியா என்று ஆளுக்கொரு மொழி பேசுகிற பனியன் கம்பெனியில் அவளுக்கு வேலை. அதனால் தொழிலாளருக்குக் காட்டுகிற பாதுகாப்புப் படங்களை ஊமைப் படமாகவே எடுத்தார் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி தரணி.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மகள் மதுமதியோடு வேலம்பாளையத்துக்குப் பிழைக்க வந்து, பட்டன் தைக்கும் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள் ஒச்சாயி.

"பயந்தாப்ல ஒருக்கா பாருங்கக்கா" என்றார் தரணி. பார்த்தாள். அன்றைக்கே நடிகையாகிவிட்டாள்.

தீ விபத்துப் படத்துக்கும் மயங்கி விழும் படத்துக்கும் பிறகு வந்த ஊசிப் படம்தான் பேர் வாங்கியது. அதில் விரலைக் காக்கிற ஊசித் தடுப்பை மெஷினிலிருந்து கழற்றிவிட்டுப் பராக்குப் பார்ப்பாள். விரலில் ஊசி இறங்கும். சாயத்தை ரத்தமாக வழியவிட்டு, சத்தமில்லாமல் வாயைப் பிளப்பாள். புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் போட்டுக் காட்டினார்கள். சிரித்தார்கள். அவளுக்கோ பெருமை தாங்கவில்லை.

போன ஆடியில் ஆர்டர் அவசரம். சூப்பர்வைசர் வேல்குமார் வேலை வேகமாக ஓடட்டுமென்று வரிசை முழுக்கத் தடுப்புகளைக் கழற்றினான்.

"வேணாம்ண்ணே, குத்திப்புடும்."

"படத்துல நடிச்சா மேனேஜராயிருவீங்களாக்கும்? ஓட்டுங்க."

மத்தியானத்துக்குள் ஊசி நகத்தைத் துளைத்து உள்ளேயே ஒடிந்தது. அலறினாள். பக்கத்து மெஷின்காரி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். துணி சிவந்த பிறகுதான் எழுந்து ஓடிவந்தாள். சீழ் வைத்து, ஆள்காட்டி விரலைப் பாதியில் எடுத்தார்கள்.

விசாரணையில் நடந்ததைச் சொன்னாள். அதற்குள் எல்லா மெஷினிலும் தடுப்பு மாட்டியாகிவிட்டது. கூட வேலை செய்தவர்கள் தரையைப் பார்த்தபடி நின்றார்கள். தரணி லேப்டாப்பைத் திருப்பி ஊசிப் படத்தை ஓடவிட்டார்.

"தெரியாதுன்னு சொல்ல முடியாதுங்கக்கா. ஊருக்கே நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

கவனக்குறைவு என்று எழுதிய தாளில் இடது கையால் கிறுக்கிக் கொடுத்தாள். வேலை போயிற்று. வீட்டில் உட்கார்ந்து பனியனுக்கு நூல் பிசிர் வெட்டினாள்.

தை மாதம் தரணி கூப்பிட்டார். "புதுப் படமுங்க. இந்தத் தடவ மேக்கப்பே வேண்டாமுங்க, அந்தக் கையே போதும்."

மதுமதிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. துவைத்த சேலையைக் கட்டிக்கொண்டு போனாள் ஒச்சாயி. கையைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள்.

"கொஞ்சம் அழுதா நல்லாருக்குமுங்க."

"வரமாட்டேங்குது சார்."

கண்ணில் கிளிசரின் விட்டார்கள்.