சரியா இருக்குண்ணே

எனக்குத் தங்கை பிறந்த செய்தியைச் சொன்னது என் வீட்டார் அல்ல, பக்கத்து அறையில் தங்கியிருந்த தேவகோட்டைக்காரர். வேலை முடிந்து வந்து குளிப்பதற்கு வாளியோடு வரிசையில் நிற்கிறேன். "என்னப்பா, தங்கச்சி பொறந்திருக்காமே, மிட்டாய் எங்க?" என்றார். எனக்கு அப்போது இருபத்தோரு வயது. வளைகுடாவுக்குப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. "யாருக்குண்ணே?" என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

ஈரத்தலையோடு ஓடிப்போய் காரைக்குடிக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தாள். "வளந்த புள்ளைகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்லச் சொல்றே?" என்றாள். எனக்குக் கோபம் தாங்கவில்லை. தங்கை வந்ததற்கு அல்ல, ஊரே தெரிந்துகொண்ட பிறகு கடைசி ஆளாக எனக்குத் தெரிந்ததற்கு. ஒரு வாரம் வீட்டுக்குப் பேசாமல் இருந்து பார்த்தேன். அதில் கஷ்டப்பட்டது நான்தான். மறுபடி கூப்பிட்டபோது அம்மா போனைக் குழந்தையின் வாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். வீல் என்று ஒரு அழுகை. காதே அடைத்துப்போனது. என் கோபமும் அத்தோடு போய்விட்டது.

வெளிநாட்டில் பிழைக்கப் போனவனை எங்கள் ஆட்கள் சபுராளி என்பார்கள். சபுராளியிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது என்பது எங்கள் தெருவில் எழுதாத சட்டம். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டது, மழையில் சமையலறைச் சுவர் சரிந்தது எல்லாம் சரியான பிறகே எனக்கு வந்து சேரும். போனில் எப்போதும் எல்லாரும் நன்றாக இருப்பார்கள். நான் மட்டும் யோக்கியனா என்ன? ஏசி மெக்கானிக் வேலை. "வெயில் எப்படிப்பா இருக்கு?" என்று அம்மா கேட்கும்போது, "ஏசி வேலைம்மா, குளுகுளுன்னு இருக்கேன்" என்பேன். ஏசி குளிர்விப்பது அறைக்குள் இருப்பவனை. அதைப் பழுதுபார்க்கிறவன் மொட்டைமாடியில் கொதிக்கிற தகரத்தின் மேல் நிற்பான். இதை அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

முதல் லீவில் நான் வந்தபோது அவளுக்கு மூன்று வயது. வீட்டில் எல்லாருக்கும் அவள் பாப்பா. போனில் தினமும் என்னோடு வாய் ஓயாமல் பேசுகிறவள், என்னைக் கண்டதும் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மிட்டாயை மட்டும் கை நீட்டி வாங்கினாள். கொஞ்ச நேரம் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு அம்மாவின் போனை எடுத்துவந்து நீட்டி, "அண்ணனுக்குப் போன் போடும்மா" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் என் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

"அண்ணே, நம்ம வீட்டுக்கு ஒரு ஆளு வந்திருக்காக" என்றாள் குரலைத் தாழ்த்தி.

"அப்படியா? எப்படி இருக்காக?"

"கறுப்பா இருக்காக. மிட்டாய் குடுத்தாக. எப்பண்ணே போவாக?"

"ரெண்டு மாசத்துல போயிருவாக."

"அப்பச் சரி" என்றாள்.

கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. அவள் பாசம் முழுக்க எனக்குத்தான். ஆனால் வந்து நிற்கிற ஆளுக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. லீவு முடிகிற வாரத்தில்தான் மடியில் வந்து உட்கார்ந்தாள். அதற்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்து வந்தது செருப்பு. வெளிநாட்டுச் செருப்பு வேண்டும் என்று அவள் கேட்டாள், விளக்கு எரிகிற செருப்பு. அம்மா அவள் பாதத்தை ஒரு தாளின் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, ஊரிலிருந்து வந்த ஒரு ஆளிடம் கொடுத்தனுப்பினாள். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமைகளில் கடை கடையாக ஏறி இறங்கினேன். வியர்வையில் தாள் நமுத்துப்போனாலும் கோடு அழியாமல் பார்த்துக்கொண்டேன். வாங்கிய செருப்பை உடனே அனுப்ப முடியாது. கார்கோ பெட்டி நிறைய வேண்டும். பால்பவுடர், சோப்பு, தைலம், அத்தாவுக்குக் கைலி என்று சேர்த்துச் சேர்த்துப் பெட்டி நிரம்பி, கப்பல் ஏறி, ஊருக்குப் போய்ச் சேர அரை வருடம் ஆகிவிடும். பெட்டி பிரித்த அன்றைக்குப் போன் வரும்.

"சரியா இருக்காடா?"

"சரியா இருக்குண்ணே! விளக்கு எரியுது!"

வருடா வருடம் இப்படி நடந்தது. பிறகு தாளுக்குப் பதிலாக வாட்ஸப்பில் படம் வந்தது, பாதத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. நானும் வாங்கி அனுப்பிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் சரியாக இருந்தது. செருப்புத் தேர்ந்தெடுப்பதில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று அறையில் பீற்றிக்கொள்வேன்.

அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது வந்த லீவில் விஷயம் வெளிப்பட்டது. மாலை நேரம். வாசலில் நின்று தெருப் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பொடிசு ஓடியது, காலில் விளக்கு மினுமினுத்தது. எங்கேயோ பார்த்த செருப்பு. அதன் பின்னால் ஓடியவள் காலில் பட்டாம்பூச்சி வைத்த செருப்பு. அதையும் நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது பிள்ளையின் கால் வரைக்கும் பார்த்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. நான் வாங்கி அனுப்பிய செருப்புகள் எல்லாம் எங்கள் தெருவில் அளவு வாரியாக ஓடிக்கொண்டிருந்தன.

அவளைக் கூப்பிட்டு, "இதுல ஒண்ணாவது நீ போட்டியா?" என்று கேட்டேன்.

தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணு போட்டேண்ணே. ரெண்டு நாளு. அப்பறம் விரலு மடங்கிருச்சு."

வளர்கிற பிள்ளைக்கு அரை வருடத்துக்கு முந்தைய காலுக்குச் செருப்பு வாங்குகிற முட்டாள் உலகத்தில் சபுராளி ஒருவன்தான். அவன் மனதில் பிள்ளை அளவெடுத்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும். "அப்பறம் ஏன் சரியா இருக்குன்னு சொன்னே?" என்றேன்.

"சின்னதா இருக்குன்னு சொன்னா வருத்தப்படுவீகள்ல? அங்குட்டுத் தனியா இருக்கீக."

பத்து வயதுப் பிள்ளை சொல்கிறாள். எனக்குப் பெருமை பொங்கியது. அவளைத் தூக்கிச் சுற்றினேன். "நம்ம வீட்டுப் புள்ளடா இது! அம்மாவையே மிஞ்சிருச்சு!" என்றேன். அம்மாவும் உள்ளிருந்து சிரித்தாள். மறுநாள் அவளைப் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் செருப்புக் கடைக்குக் கூட்டிப்போய், நானே குனிந்து மாட்டிவிட்டு ஒரு ஜோடி வாங்கிக்கொடுத்தேன். என் கையால் அவள் காலுக்குப் பொருந்திய ஒரே செருப்பு அதுதான்.

அந்தப் பெருமையை இன்றைக்கு நினைக்கவே பிடிக்கவில்லை.

பிறகு அவள் நெடுநெடுவென்று வளர்ந்தாள். எனக்குக் கல்யாணம் ஆனது. என் மனைவி வந்து சேர்ந்து வீட்டுப் பொய்களில் அவளும் ஒரு பங்குதாரர் ஆனாள். பாப்பா பிளஸ் டூ முடித்து கல்லூரியில் சேர்ந்ததும் நான் மொத்தமாக முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவது என்று முடிவு. என் ஆசை பெரிதாக ஒன்றுமில்லை. அவளைக் கட்டிக்கொடுத்து அனுப்புவதற்கு முன்னால் அந்த மூன்று வருடமாவது ஒரே வீட்டில் அவளோடு இருக்க வேண்டும். காலையில் எழுந்தால் எதிரே பார்க்க வேண்டும், சண்டை போட வேண்டும், பேசாமல் இருக்க வேண்டும். போனில் பேசாமல் இருக்க முடியாதில்லையா? பேசாமல் இருந்தால் லைன் போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் பேசாமல் இருக்கிற சுகம் கிடைக்கும்.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. "சளிக்காய்ச்சல்ப்பா, ஊரு பூரா இருக்கு" என்றாள் அம்மா. அதற்கு இரண்டு நாள் கழித்து அவளே வீடியோவில் வந்தாள். முகம் வாடியிருந்தது. பின்னால் ஒரு தாவணியைத் திரைபோலத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"எங்கடா இருக்கே? நம்ம வீடு மாதிரி இல்லையே?"

"சின்னம்மா வீட்டுலண்ணே. நம்ம வீட்டுல கரெண்ட்டு இல்ல."

"முகம் ஏன் இப்படி இருக்கு?"

"தூங்கி எந்திரிச்சேன். சும்மா காய்ச்சல்தான், நல்லாருக்கேன். நீங்க சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன்" என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

ஒரு கையில்தான் போனைப் பிடித்திருந்தாள். இன்னொரு கை கடைசி வரைக்கும் வெளியே வரவே இல்லை. அந்தக் கையில் ஊசி குத்தி பிளாஸ்டர் போட்டிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தாவணிக்குப் பின்னால் இருந்தது மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் சுவர். தாவணியைக் கட்டச் சொன்னதே அவள்தான் என்று பிறகு மனைவி சொன்னாள். "அண்ணன் சொவத்தப் பாத்தா கண்டுபிடிச்சிருவாக அண்ணி" என்றாளாம். டெங்கு. அன்றைக்கே ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கிளம்பி வந்திருப்பேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். யார்மேலும் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். எல்லார்மேலும் கோபம் இருக்கிறது. செருப்பு சின்னதாக இருக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொடுக்காமல், மறைத்ததற்குத் தூக்கிச் சுற்றிய அந்த ஆள்மேல் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது.

அத்தா எனக்கு ஒருநாளும் தானாகப் போன் போட்டதில்லை. அம்மா பேசி முடித்துக் கொடுத்தால் வாங்கி, "தொழுவுறியா? சரி, உடம்பப் பாத்துக்க" என்று வைத்துவிடுவார். அவள் வீடியோவில் பேசிச் சில நாள் கழித்து ஒரு காலை, மொட்டைமாடியில் இருந்தபோது அவர் பெயரைப் போனில் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"தம்பி, பாப்பா போயிருச்சுப்பா" என்றார்.

பிறகு அவரே பேசினார். வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டதாகவும், சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பேசியிருப்பதாகவும் சொன்னார். எங்களில் மையத்தை, இறந்தவர் உடலை, வைத்திருக்க மாட்டார்கள். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மண்ணுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிற மனிதர் அவர். அவரே கேட்டார்: "நீ வர்றதா இருந்தா ஜமாத்துல கேட்டுப் பாக்குறேன்ப்பா. நாளைக்கி வரைக்கும் வச்சிருக்கவா?"

என் பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது. வாங்கி, டிக்கெட் எடுத்து, திருச்சியில் இறங்கி வருவதற்கு மறுநாள் இரவாகிவிடும். வைத்திருங்கள் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஒரு தடவை அந்த முகத்தைப் பார்த்தால் போதும் எனக்கு. ஆனால் அவள் பிறந்ததிலிருந்து எனக்காகக் காத்திருக்கிறாள். பெட்டிக்குக் காத்திருந்தாள், லீவுக்குக் காத்திருந்தாள், முடித்துக்கொண்டு வருவேன் என்று காத்திருந்தாள். இன்றைக்குமா?

"வேணாம்த்தா. காக்க வைக்க வேணாம். அடக்கிருங்க" என்றேன்.

"முகத்தயாச்சும் பாரு" என்றார். தொழுகைக்கு எடுத்துப் போவதற்கு முன்னால் வீடியோவில் கூப்பிட்டார். வேறு யார் கையிலும் கொடுக்காமல் போனை அவரே பிடித்துக்கொண்டார். அவருக்கு அதைப் பிடிக்கத் தெரியாது. முதலில் மின்விசிறி தெரிந்தது. பிறகு அவருடைய தாடி. பிறகு யாரோ திருப்பிவிட்டார்கள். வெள்ளைத் துணி. வாசல் வெளிச்சம் அதில் பட்டுத் திரை முழுக்க வெளுத்துப்போயிற்று. அப்படியே படம் நின்றுவிட்டது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பெண்கள் அழுகிற சத்தம், அதற்கு நடுவில் அம்மாவின் குரல்: "அண்ணன் வந்திருக்காகடா பாப்பா. பாரு, சிரிச்ச மாதிரியே இருக்கா பாருப்பா."

எவ்வளவு உற்றுப் பார்த்தும் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. திரையில் வெயில் படாமல் கையால் மறைத்தும் பார்த்தேன்.

"தெரியுதாப்பா?" என்றார் அத்தா. அவர் அழுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். "முகம் நல்லாத் தெரியுதா?"

"தெரியுதுத்தா" என்றேன். "நல்லாத் தெரியுது."

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். காரைக்குடியில் ஏசி பழுதுபார்க்கிற வேலைதான். அறைக்குள் உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை என்று அம்மாவுக்கும் இப்போது தெரியும். வந்த ஆள் எப்போது போவார் என்று கேட்கத்தான் வீட்டில் யாரும் இல்லை. சில நாள் மாலையில் நான் வேலை முடிந்து வந்து டீயைக் கையில் எடுத்ததும் அம்மா வந்து எதிரே உட்காருவாள். கொஞ்ச நேரம் வேறு ஏதேதோ பேசுவாள். பிறகு கேட்பாள்.

"அன்னைக்கி அவ முகத்தப் பாத்தேல்லப்பா?"

"பாத்தேம்மா."

"எப்படி இருந்தா?"

"சிரிச்ச மாதிரியே இருந்தாம்மா" என்பேன்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதான், நீ பாத்துட்டே. அது போதும்" என்று சொல்லிவிட்டு, டீ ஆறுகிறது, குடி என்பாள்.