சத்தத்தை அணைத்து விளையாடுகிறவர்கள்

கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குச் சத்தம் செய்து கொடுப்பது என் தொழில். கதவு திறந்தால் கிறீச், மழை பெய்தால் சோ, திருடன் ஓடினால் தடதட. இதையெல்லாம் யாரோ ஒருத்தி உட்கார்ந்து செய்கிறாள், அந்த ஒருத்தி நான். "சத்தம் போடுறதுக்கா சம்பளம் தர்றாங்க?" என்று கல்யாணமான புதிதில் என் மாமியார் கேட்டார். பதினைந்து வருஷமாகியும் அவருக்குப் புரிகிற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நன்றாகச் செய்தால் யார் கவனத்துக்கும் வராது, சொதப்பினால் மட்டும் ஊரே கேட்கும். நீங்களும் அப்படி ஒரு வேலையில் மாட்டிக்கொண்டவரா? வாங்க, இப்படி உட்காருங்க, சேர்ந்தே புலம்பலாம்.

எங்கள் ஆபீஸ் டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடி. மொத்தம் ஒன்பது பேர். நாலு வருஷமாக ஒரே ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம், கம்ப்யூட்டருக்கும் டிவியில் மாட்டி ஆடும் கன்சோலுக்கும். துறைமுகத்தில் மூடுபனி, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மற்றக் கப்பல்கள் ஊதுகிற ஹார்னைக் கேட்டு, எது இடப்பக்கம், எது கிட்டே வருகிறது என்று புரிந்துகொண்டு, உங்கள் கப்பலை மோதாமல் கரை சேர்க்க வேண்டும். காதால் ஆடுகிற ஆட்டம். அதற்காக முப்பத்திரண்டு ஹார்ன் பிடித்தேன். மழையென்றும் வெயிலென்றும் பார்க்காமல் கடலோரத்தில் மைக்கைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

போன வருஷம் முதலாளி, இதை ஃபோனுக்கும் மாற்றுங்கள் என்றார். ஃபோனில் எடுபட்டால் இனிமேல் ஃபோன் மட்டும்தான், எடுபடாவிட்டால் பழையபடி கம்ப்யூட்டரும் கன்சோலும். ஃபோனுக்கு இத்தனை ஹார்ன் எதற்கு, ஹார்ன் இல்லையென்றால் இந்தக் கோமதி எதற்கு? அவர் அதைக் கேட்கவில்லை. நான்தான் அன்று ராத்திரி முழுக்க என்னையே கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

முதல் ஆள்

புது விளையாட்டைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. தெரியாத ஆள் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. எங்கள் சோதனைக்குப் பொறுப்பாளர் ஃபைரோஸ். என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனால் அந்த விதியில் தலைமையாசிரியரைத் தோற்கடிப்பார். "ஃபோனைத் தலைகீழாப் பிடிச்சாலும் நீங்க பேசக்கூடாதுக்கா. பாருங்க, எழுதுங்க, தேங்க்ஸ் சொல்லுங்க, வந்துடுங்க." நான் பேசாமல் இருக்கிற ஆளா? அம்மா வயிற்றிலிருந்து வரும்போதே கேள்வி கேட்டுக்கொண்டு வந்தவள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

முதல் நாள் தேக்கா உணவுக் கடைகளில் ஒரு பாலிடெக்னிக் பெண். தே தாரிக் டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினாள். வாங்கியதும் முதல் காரியமாகச் சத்தத்தை அணைத்தாள். யோசித்துக்கூடச் செய்யவில்லை, செருப்பைக் கழற்றுகிற மாதிரி கை தானாகப் போனது. பிறகு மோதினாள். மறுபடி மோதினாள். ஆறு தடவை மூழ்கினாள். எனக்கு நாக்கு நுனியில் "சத்தத்தை வைம்மா" என்று வந்து நிற்கிறது, ஃபைரோஸ் முறைக்கிறார். கடைசியில் அந்தப் பெண் என்மேல் இரக்கப்பட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஆன்ட்டி, உங்க கேம் இன்னும் லோட் ஆகல லா. முழுக்க வெள்ளையா இருக்கு."

நாலு வருஷத்து மூடுபனி அது. ஆன்ட்டி என்றதைக்கூட மன்னித்துவிட்டேன்.

ரயிலில் செய்த பாவம்

இதற்குப் பிறகு எல்லாரும் அப்படித்தான். பஸ்ஸில், லிஃப்ட் வாசலில், கிளினிக் நாற்காலியில், எங்கே கொடுத்தாலும் சத்தம் அணைந்துதான் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் ரயிலில், ஃபைரோஸுக்குத் தெரியாமல் ஒலியை முழுக்க ஏற்றி, அணைக்கவே முடியாதபடி பூட்டி வைத்தேன். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் அயோக்கியத்தனம்.

ஃபோனை வாங்கியவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நர்ஸ். ஒரு கை கம்பியில், ஒரு கை ஃபோனில். ஐம்பதாயிரம் டன் கப்பல் ஒன்று அந்தப் பெட்டிக்குள் ஊதியது. ஒரு சீனத் தாத்தா எழுந்தே நின்றுவிட்டார். குழந்தை வீறிட்டது. அந்த அக்கா பயந்து ஃபோனைப் போட்டு, அதைப் பிடிக்கப் போய் யாரோ ஒருவர் காலை மிதித்து, ஒரே களேபரம். நான் ஸாரி ஸாரி என்று குனிந்தேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஃபோனை என் கையில் வைத்து, மெதுவாகச் சொன்னார்:

"காலையிலேர்ந்து வார்டுல மெஷின் சத்தத்தக் கேட்டுட்டு வரேன்மா. யாரும் கூப்பிடாம நான் இருக்கிறது இந்த அரை மணி நேரம்தான்."

வெட்கமாகப் போய்விட்டது. சத்தத்தை அணைப்பவர்கள் எல்லாம் ரசனை இல்லாதவர்கள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன், முட்டாள்.

ஒரு காது உனக்கு, ஒரு காது எனக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை துவாஸில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் விடுதி ஒன்றுக்குப் போனோம். முருகேசன் என்ற தம்பி, புதுக்கோட்டைப் பக்கம், சாரம் கட்டுகிற வேலை. அவரிடம் வயர் வைத்த இயர்ஃபோன் இருந்தது. அப்பாடா, சத்தத்தோடு ஆடப்போகிற ஒரு ஜீவன்! ஆனால் அவர் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, இன்னொன்றைப் பக்கத்துக் கட்டில் நண்பருக்குக் கொடுத்துவிட்டார். அங்கே அதுதான் பழக்கமாம், படமானாலும் பாட்டானாலும். இரண்டு காதால் கேட்டால்தான் இடம் வலம் தெரியும். ஒற்றைக் காதில் என் ஆட்டம் செத்தது என்று நினைத்தேன்.

பார்த்தால், "என் பக்கம் ஊதுதுடா, அந்தப் பக்கம் திருப்பு", "இப்ப என் பக்கம், என் பக்கம்" என்று இருவரும் கத்திக் கத்தி ஓட்டுகிறார்கள். ஒரு கப்பல்கூட மோதவில்லை. நாலு வருஷம் அறைக்குள் உட்கார்ந்து யோசித்த எங்கள் ஒன்பது பேருக்கும் இந்த எண்ணம் வந்ததில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷத்தில் விதியை மறந்து வாயைத் திறந்தேன்: "தம்பி, இதையே கம்ப்யூட்டர்ல, பெரிய ஸ்பீக்கர் வெச்சு ஆடிப் பாருங்க, இன்னும் பிரமாதமா இருக்கும்."

அவர் மரியாதையாகச் சிரித்தார்.

"எங்கிட்ட இருக்கிற மெஷின் இது ஒண்ணுதான்க்கா. அம்மா மொகத்தப் பாக்கிறதும் இதுலதான், ஊருக்குப் பணம் அனுப்புறதும் இதுலதான். வெளையாட்டுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கி எங்க வெப்பேன், கட்டில் மேலயா?"

சொந்த வீட்டுச் சோதனை

எங்கள் வீடு மார்சிலிங்கில். அங்கே என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, கன்சோல் பக்தர். ஃபோனில் ஆடுவதெல்லாம் ஆட்டமா, அது விரலுக்குச் சொறிதல் என்று கல்யாண வீடுகளில்கூடச் சண்டை போட்டவர். பெரிய டிவி, ஐந்து ஸ்பீக்கர், கன்சோலுக்கென்றே ஒரு அலமாரி. ஊரே என்னைக் கைவிட்டாலும் இவர் விடமாட்டார் என்ற தைரியத்தில் வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் பெரிய டிவிக்கு நேர் எதிரே சோபாவில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, ஃபோனில் மிட்டாய்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். சத்தம் இல்லாமல். கன்சோல் மேல் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்குத் தூசி. "என்னங்க இது?" என்றேன். அவர் கண்ணை எடுக்கவில்லை.

"எழுந்து போய் அத ஆன் பண்ணணுமே கோமு."

அம்புக்குறி

கடைசிக் கூட்டத்தில் ஃபைரோஸ் அறிக்கை வாசித்தார். பாவம், என் முகத்தைப் பார்க்காமல்தான் வாசித்தார். அநேகமாக எல்லாரும் சத்தத்தை அணைக்கிறார்கள், அணைத்ததும் மோதுகிறார்கள், மோதியதும் விட்டுவிடுகிறார்கள். அதற்கு ஒரு மாற்று ஏற்கெனவே தயாராக இருந்தது. வேறொரு சகா முந்தின நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவில் அதைச் செய்து முடித்திருந்தார். மூடுபனிக்குள் எந்தத் திசையில் கப்பல் வந்தாலும் அந்தப் பக்கம் ஒரு சிவப்பு அம்புக்குறி காட்டும். அவ்வளவுதான். அதை வைத்துச் சோதித்தபோது யாரும் மோதவில்லை. என் முப்பத்திரண்டு ஹார்னையும் எடுத்துவிட்டால் பதிவிறக்கமும் சீக்கிரம் முடியும் என்று கணக்குக் காட்டினார்கள்.

நான் சண்டை போட்டேன். அம்புக்குறி போட்டால் மூடுபனி எதற்கு, பேசாமல் வெயில் அடிக்க விடுங்களேன் என்றேன். முதலாளி நல்ல மனுஷன்தான், எங்கள் பக்கத்து ஆள், தமிழிலேயே ஆறுதல் சொன்னார்:

"கோமதி, உங்க சத்தம் ரொம்ப நல்லா இருக்கு. இல்லாமலும் நல்லா இருக்கு."

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கம்ப்யூட்டருக்கும் கன்சோலுக்கும் செய்த வடிவங்கள் நிறுத்தப்பட்டன. எனக்கு மாதக் கடைசி வரை வேலை. அதுவரை, பொத்தானை அழுத்தினால் வருகிற "டிங்" ஒன்றைச் செய்து தரச் சொன்னார்கள்.

புக்கிட் பாஞ்சாங், ஒன்பதாவது மாடி

சோதனைக்காகப் பழைய வடிவத்தைச் சிலர் ஃபோனில் ஏற்றிக் கொடுத்திருந்தோம். வீட்டில் வைத்து ஆடிப் பார்க்கட்டும் என்று. அதையெல்லாம் எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றுவது கடைசி வேலை. ஃபைரோஸ் பட்டியலில் மிச்சம் ஒரே ஒருவர், அவருடைய அம்மாவின் பக்கத்து வீட்டு செல்வராஜ் அண்ணன். அந்த அம்மாதான் அவர் ஃபோனை வாங்கிவந்து, ஏற்றியதும் திருப்பிக் கொடுத்தாராம், ஃபைரோஸ் அவரை நேரில் பார்த்ததில்லை. நானும் கூடப் போனேன். வேலையில் இன்னும் மூன்று நாள்தான் பாக்கி, ஆபீஸில் உட்கார்ந்து டிங் அடிக்க மனசில்லை.

கதவைத் திறந்தவர் அவர் மனைவி பாக்கியம் அக்கா. செல்வராஜ் அண்ணன் சாப்பாட்டு மேசையில் இயர்ஃபோனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். ஃபோன் திரை கறுப்பாக இருந்தது. "பேட்டரி வீணாப் போகுதுன்னு வெளிச்சத்த அணைச்சு வெப்பாரு. அவருக்கு எதுக்கு வெளிச்சம்?" என்றார் அக்கா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. லாரி ஓட்டிக்கொண்டிருந்தவராம், சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போய் மூன்று வருஷம் ஆகிறதாம். ஆட்டத்தை அக்கா தொடங்கிக் கொடுத்தால் போதும். இடப்பக்கம் தொட்டால் கப்பல் இடப்பக்கம் திரும்பும், வலப்பக்கம் தொட்டால் வலம். மீதியை அவர் காது பார்த்துக்கொள்ளும்.

எங்கள் ஒன்பது பேரில் யாருமே கடைசிக் கட்டத்தைத் தாண்டியதில்லை, செய்தவர்களே நாங்கள்தான். அவர் அதைத் தினமும் இரண்டு தடவை முடிக்கிறார். ஃபோனில்! எந்த ஃபோன் என் தொழிலைக் கொன்றது என்று மாதக்கணக்காகக் கரித்துக் கொட்டினேனோ, அதே ஃபோனில். நான் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். இந்தத் தடவை யாரும் முறைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆள் வந்திருப்பது தெரிந்து இயர்ஃபோனைக் கழற்றினார். ஹார்ன் செய்தது நான்தான் என்று ஃபைரோஸ் சொன்னதும் முகம் என் பக்கம் திரும்பியது. "நீங்கதானாம்மா? அந்த இழுவைப் படகு ஊதும்போது பின்னால ஒரு காக்கா கத்துதே, அது வேணும்னே வெச்சதா?" என்று கேட்டார். அந்தக் காகத்தை எடுக்க நான் ஒரு வாரம் போராடித் தோற்றிருந்தேன். நாலு வருஷத்தில் அதைக் கேட்ட ஒரே மனிதர் இவர். "ஆமாண்ணே, வேணும்னே வெச்சதுதான்" என்று பொய் சொன்னேன். "அது கத்தினா கரை கிட்ட வந்துட்டேன்னு அர்த்தம்" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார்.

ஃபைரோஸ் இதற்குள் புதியதை ஏற்றி முடித்துவிட்டார். தடுத்திருக்கலாம், நான்தான் காகத்தின் பேச்சிலேயே நின்றுவிட்டேன். ஏற்றியதும் பழையது அழிந்துவிடும், திரும்பக் கொண்டுவர முடியாது. எல்லா வீட்டிலும் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன வாக்கியம் ஃபைரோஸிடமிருந்து தானாக வந்தது. "அண்ணே, புதுசுல ஹார்னெல்லாம் இல்ல. கப்பல் வந்தா அம்புக்குறி காட்டிடும், ரொம்ப ஈஸி." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. வெளிறிப்போய் என்னைப் பார்த்தார்.

செல்வராஜ் அண்ணன் இயர்ஃபோனை மறுபடி மாட்டி, இரண்டு கட்டை விரலையும் திரைமேல் தயாராக வைத்துக்கொண்டார்.

"சரி தம்பி. அந்த அம்புக்குறி எப்படிச் சத்தம் போடும்?"

கம்ப்யூட்டரையும் கன்சோலையும் ஃபோன் ஜெயிக்குமா என்று இன்னும் பட்டிமன்றம் நடத்துகிறவர்களுக்கு என் பதில்: ஜெயித்துவிட்டது, யாரைத் தோற்கடித்தோம் என்பதைத்தான் கண் நன்றாகத் தெரிகிற நாங்கள் ஒன்பது பேரும் பார்க்கவில்லை.